சொக்குராம் சிலையும் கோல்குல்சா முற்றமும்: தொடை வலி ஆறுவதற்குள் எழுதியது

தற்காப்புக் கலையைத் தேடிப் போன கொரியாவின் கியோங்ஜு நகரிலிருந்து திரும்பி மூன்று நாள்கள் ஆகியும், கைப்பிடியைப் பற்றாமல் என்னால் மாடிப்படி இறங்க முடியவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்களித்திருந்தேன். அந்த வரிசை இந்தக் கட்டுரையில் நிற்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

முதலில் சொக்குராம் போனேன். சில்லா என்ற பழைய கொரிய அரசின் காலத்தில், 751-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய குகைக் கோயில் அது. எல்லோரும் உள்ளே வீற்றிருக்கும் புத்தரைக் காண வருகிறார்கள். நானோ வாயிலின் இருபுறமும் வெற்று மார்போடு, கைமுட்டியை உயர்த்தி, முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு காவல் வீரர்களைக் காணப் போனேன். நம் ஊர்த் துவாரபாலகர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று, படம் எடுக்கவும் அனுமதியில்லாமல், கூட்டத்தில் இடிபட்டுத்தான் பார்க்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை உண்டு என்று சொல்லும் நூல்கள் விடாமல் காட்டும் சாட்சிகளில் இந்த வீரர்களும் உண்டு. கறுப்புப் பட்டை பெற்றவர்கள் பயிலும் 'கும்காங்' என்ற பயிற்சித் தொடரில், ஒற்றைக் காலில் நின்று ஒரு கையை மேலேயும் மற்றதைக் கீழேயும் கொண்டுபோகும் நிலை ஒன்று உண்டு. சிலையைப் பார்த்தவுடன் அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தொடரை வகுத்தது இருபதாம் நூற்றாண்டில். சிலை, பௌத்த உலகம் முழுவதும் காணக்கூடிய வாயிற்காவலர் மரபைச் சேர்ந்தது. கோபத்தோடு கை ஓங்கி நிற்கும் கல்லையெல்லாம் தற்காப்புக் கலைக்குச் சாட்சியாக்கினால், நம் கோயில்கள் ஒவ்வொன்றிலும் நூறு பயிற்சிக்கூடங்கள் தேறும்.

டேக்வாண்டோவின் உண்மையான பிறப்பு இதைவிடச் சுவையானது. ஜப்பானில் படித்தபோது ஷோட்டோகான் என்ற கராத்தே வகையைக் கற்ற லீ வொன்குக், 1944-இல் சியோலில் சுங்தோக்வான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அந்தத் தலைமுறையில் கூடம் நிறுவியவர்கள் பலரும் கராத்தே தெரிந்தவர்கள்தான். 35 ஆண்டுகள் ஜப்பானின் ஆட்சியில் நசுங்கிய நாடு, விடுதலைக்குப் பிறகு தன் தேசியக் கலையின் வேர் அங்கேயும் இருக்கிறது என்று எப்படி ஒப்புக்கொள்ளும்? 1955-இல் டேக்வாண்டோ என்ற பெயர் வந்தது. அந்தப் பெயருக்காக வாதாடிய தளபதி சோய் ஹொங் ஹியும் கராத்தே பயின்றவரே. பெயரின் ஓசையோ தேக்கியோன் என்ற பழைய கால்விளையாட்டை நினைவூட்டுகிறது. ஆடுவதுபோல் அடியெடுத்து வைத்து எதிராளியைக் காலால் சாய்க்கும் அந்தக் கலையை, 1893-இல் பிறந்த சோங் தொக்கி அழியாமல் காத்துக் கையளித்தார். யுனெஸ்கோ 2011-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் தேக்கியோனைத்தான்.

அடுத்துப் போய்த் தங்கிப் பயில வேண்டிய கோல்குல்சா கோயில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நகரப் பேருந்து நிலையத்துக்கு இறங்கி வந்து 100-ஆம் எண் பேருந்தில் ஏறினால் சில்லறைக் காசில் முடிந்திருக்கும். நேரமாகிவிட்டது என்று பதறி வாடகைக்கார் பிடித்ததுதான் இந்தப் பயணத்தின் பெரிய முட்டாள்தனம். ஓட்டுநர் மீட்டரைத் தொடவே இல்லை. கைபேசியில் 45,000 வொன் என்று தட்டிக் காட்டினார். எனக்கு வாதாடக் கொரிய மொழி போதாது, அவருக்கு இறங்கிவர மனம் போதாது. கோயிலில் ஓரிரவு தங்க நான் கட்டியிருந்த தொகையைவிடச் சற்றே குறைவான அந்தப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, மறுநாளின் இரவுச் சாப்பாட்டை மனத்துக்குள் கழித்துக்கொண்டேன்.

கோல்குல்சா பாறைக் குகைகளால் ஆன கோயில். உச்சியில் நான்கு மீட்டர் உயரப் புத்தர் செதுக்கப்பட்டிருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் நிறுவியதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. இங்கே பயிற்றுவிக்கும் சொன்முதோ என்ற துறவிகளின் தற்காப்புக் கலையை இன்றைய வடிவில் ஒழுங்கு செய்தவர் புசான் நகரின் பொமொசா மடத்தைச் சேர்ந்த யாங்கிக் என்ற துறவி. அவருடைய சீடர் அதைக் கோல்குல்சாவிலிருந்து பரப்பினார். அப்படிப் பார்த்தால் இதுவும் இளைய கலைதான்.

மாலைப் பயிற்சியில் அரை மணி நேரம் வெறும் மூச்சும் உடலை வளைத்தலும் மட்டுமே நடந்தன. எனக்குச் சலிப்புத் தட்டியது. பிறகு குதிரைமேல் அமர்ந்ததுபோல் முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார்கள். பயிற்றுநர் பிளந்த மூங்கில் தட்டையை உள்ளங்கையில் ஒருமுறை அடித்தால் நிலைகொள்ள வேண்டும். மறுமுறை அடிக்கும்வரை அசையக் கூடாது. அந்த மறுமுறை வரவே இல்லை! தொடை நடுங்கி, வியர்வை கண்ணில் இறங்கியபோது என் பின்னால் வந்து நின்றவர், இடுப்பை இரண்டு விரலால் தொட்டு இன்னும் ஒரு சாண் கீழே இறக்கிவிட்டுப் போனார். அடுத்ததாகக் கற்ற குத்தில் வேகமே கிடையாது. மூச்சு தீரும் இடத்தில் கையும் நீண்டு முடிய வேண்டும். என் கை ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டது.

விடியற்காலை நான்கு மணிக்கு மரத்தாளம் ஒலிக்க எழுந்து, வழிபாட்டுக்குப் பிறகு 108 முறை முழந்தாளிட்டு வணங்கினோம். அன்று காலை உணவு துறவிகளின் முறைப்படி நான்கு கிண்ணங்களில் நடந்தது. சோறு, குழம்பு, கீரை, கிம்ச்சி எல்லாம் இறைச்சியும் பூண்டும் இல்லாதவை. பசியில் அமிர்தமாக இருந்தன. கடைசியில் ஒரு துண்டு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயால் கிண்ணத்தைத் துடைத்து, வெந்நீரில் அலசி, அந்த நீரையும் குடிக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஜெர்மானிய இளைஞர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ரசம் ஊற்றித் தட்டை வழித்துப் பழகிய எனக்கு அதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

திரும்பும்போது வாடகைக்காருக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டுவிட்டு, அன்தோங்ரி சந்திப்புவரை நடந்து, 100-ஆம் எண் பேருந்துக்காகக் காத்திருந்தேன். நிறுத்தத்தில் நல்ல மரப்பலகை இருந்தது. முழங்கால் மடங்காததால், பேருந்து வரும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.