திங்கட்கிழமை மாத்திரை

பல வருஷம் நர்ஸாக, டாக்டர் எழுதியதைப் பார்த்து மருந்து கொடுத்தவள் நான். டோஸில் சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பேன்; அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் சீட்டின் அடியில் இருந்தது அவர் கையெழுத்து. மருந்து எழுதும் படிப்பை முடித்துவிட்டு முதன்முதலாக என் பெயரில் எழுதியது வெறும் பாராசிட்டமால். அதையே மூன்று தடவை சரிபார்த்தேன்.

நர்ஸ் மருந்து எழுத எல்லா நாட்டிலும் அனுமதி கிடையாது. பிரிட்டனில் 2006 முதல், அதற்கெனத் தகுதி பெற்ற நர்ஸ்கள் தங்கள் திறனுக்கு உட்பட்டு ஏறக்குறைய எல்லா மருந்தையும் எழுதலாம். சில இடங்களில் ஒரு பட்டியலைக் கொடுத்து, அதைத் தாண்டாதே என்பார்கள்.

சட்டம் அனுமதிப்பதை எல்லாம் எழுதிவிட முடியாது என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு வயதான அம்மா. அன்றைய கடைசி நோயாளி. சிறுநீர் போகும்போது எரிச்சல். "தினமும் என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். "பிரஷருக்கு ஒண்ணு, அவ்வளவுதான் சிஸ்டர்." பதிவேட்டிலும் அதுதான் இருந்தது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கான ட்ரைமெத்தோபிரிம் எழுதப் போனேன். கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டுகள் வீங்கிக் கோணியிருந்தன.

"இதுக்கு ஒண்ணும் சாப்பிடலையா?"

"அது தினமும் இல்லையே. திங்கட்கிழமை மட்டும்."

மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மாத்திரை. இதுவும் நான் எழுதப் போனதும், இரண்டுமே உடலில் ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை; சேர்ந்தால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடலாம். உயிர் போகும் அளவுக்கு ஆபத்து. அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. நான் கேட்டது "தினமும்". அதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு மருந்து எழுதினேன். விடுபட்ட மாத்திரையைப் பதிவில் ஏற்றினேன். நடக்கவிருந்த தவறை மேலிடத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு என்றார்கள் சிலர். நடந்திருந்தால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்: திறமையாக மருந்து எழுதும் ஒருவர் இதைக் கேட்டிருக்க மாட்டாரா? நர்ஸ்தானே என்ற சலுகை அங்கே செல்லாது. "பதிவேட்டில் இல்லை" என்பதும் பெரிதாக உதவாது. வேலை கொடுத்தவர் நஷ்ட ஈடு கட்டலாம். பறிபோகும் நர்ஸ் பதிவு என்னுடையது. (கூடுதல் பொறுப்புக்கு ஏற்றபடி சம்பளம் கூடியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

உண்மையில், எழுதுவதைவிட மறுப்பதுதான் கடினம். கூட வேலை பார்க்கும் ஒருத்தி, "தூக்கமே இல்லக்கா, ரெண்டு மாத்திரை எழுதிக் குடுங்க" என்றாள், நடைபாதையில் நின்றபடி. பரிசோதனை இல்லை, பதிவு இல்லை, அதோடு அவள் என் தோழி. ஒழுங்காக ஒருவரிடம் போய்க் காட்டு என்றேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. டாக்டர் ஒருவர், "நான் பார்த்துட்டேன், நீங்க எழுதிடுங்க" என்றபோதும் இதே கதைதான். நோயாளியை நானும் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். "ஓவரா பண்றீங்க சிஸ்டர்" என்றார். அந்தச் சீட்டில் அவர் பெயர் இருக்காது.

இப்போது என் கேள்வி நீண்டுவிட்டது. தினமும் சாப்பிடுவது, வாரம் ஒருமுறை, ஊசி, கண்ணுக்கு விடும் சொட்டு, கடையில் தானாக வாங்கியது, நாட்டு மருந்து. வெளியே காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.