ஏரி காத்த ஊரில் மூன்று நிலைப் பெருமாள்

உத்திரமேரூர் என்றதும் பலருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். நான் கிளம்பியது அந்த ஊர்ப் பெருமாள் சுந்தரவரதரைச் சேவிக்க. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வயல். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர் உள்ளூர் விவசாயி. கோயிலுக்குப் போகிறேன் என்றதும், "போ தம்பி, அப்படியே ஏரியையும் பாத்துட்டு வா. இந்த ஊருக்கு ரெண்டும் சாமிதான்" என்றார். அவர் பேச்சைத் தட்டாமல் முதலில் ஏரிக்கரைக்கே போனேன்.

கரைமேல் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கல்வெட்டுகள் இதை வைரமேகத் தடாகம் என்கின்றன. பல்லவ மன்னன் தந்திவர்மனுக்கு வைரமேகன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏரி அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவனுக்கு முன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், இந்த ஊர் பிரம்மதேயமாக, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊராக, உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலமாக ஆனது. வேதம் ஓதுகிற ஊர் என்று பெயர் வாங்கினாலும் சோறு போட்டது நெல்வயல்தான். வயலுக்கு உயிர் இந்த ஏரி. இதில் தூர் வாருவதற்கென்றே அந்தக் காலத்தில் பொன் எழுதி வைத்திருக்கிறார்கள். விளக்கெரிக்கப் பொன் கொடுப்பதைப் போலவே வண்டல் அள்ளக் கொடுத்ததும் புண்ணியக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மதகடியில் நின்று அதை நினைத்தபோது கை தானாகக் கும்பிட்டது.

அப்புறம் வைகுண்டப் பெருமாள் கோயில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உயர்ந்த மேடைமேல் விரிந்த மண்டபம். ஊர்ச்சபை கூடிய இடம் இதுதான் என்கிறார்கள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், சபையார் செய்த தீர்மானங்கள் இங்கேதான் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்து இன்னும் தெளிவு.

ஊரை 30 குடும்புகளாக, இன்றைய வார்டுகள் மாதிரி, பிரித்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, குடும்புக்கு ஒருவராகக் குடவோலையில் எடுத்தார்கள். நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் பயிற்சியும் வேண்டும். முன்பு வாரியம், அதாவது சபையின் குழுப் பொறுப்பு, செய்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவர் மட்டுமா, அவருடைய அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று உறவுக்காரர் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டார்கள். ஓலை எடுக்கும் முறையைப் படிக்கும்போது அதுவே ஒரு பூஜை மாதிரி இருக்கிறது. கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் எல்லாரும் சபைக்கு நடுவே இருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலகன் ஓலையை எடுத்துத் தருவான். சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை ஏற்றுக்கொண்டு வாசிப்பான். பிறகு நம்பிமாரும் வாசிப்பார்கள். பெருமாள் சந்நிதியில் கள்ளத்துக்கு ஒரு விரலிடுக்கு கூட விடக் கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். ஊர்க் காரியம் முழுவதையும் பார்க்கிற சம்வத்சர வாரியத்துக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? முன்னமே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களை, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களை. முதலில் கரையைக் காத்துக் காட்டு, ஊரைப் பிறகு தருகிறோம் என்றிருக்கிறார்கள். குடவோலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. நிலமும் வேதமும் இருந்தவர்களுக்கு மட்டுமான தேர்தல் இது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்களின் பெயரும், ஏர் பிடித்த கூலிக்காரர்களின் பெயரும் எந்தக் குடத்திலும் விழவில்லை. அந்த மண்டபத்தில் விழுந்து சேவித்தபோது அவர்களையும் சேர்த்தே சேவித்தேன்.

சுந்தரவரதர் கோயிலுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இதுவும் பல்லவர் காலத்துக் கோயில். மூன்று தளமும் கருவறை. கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம் (அமர்ந்த கோலம்), மேலே பள்ளி கொண்ட கோலம். நின்றும் இருந்தும் கிடந்தும் ஒரே விமானத்துக்குள் பெருமாளைச் சேவிக்கும் பாக்கியம் எல்லா ஊரிலும் கிடைக்காது. பாண்டவர்கள் இங்கே வந்து வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. கீழே சுந்தரவரதர் நெடிதாக, கம்பீரமாக நிற்கிறார். தீபாராதனை வெளிச்சத்தில் திருமுகம் பார்த்ததும் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்து போனது. "மேலே போறப்ப பார்த்து ஏறுங்கோ" என்றார் பட்டர். படியேறி இருந்த கோலத்தைச் சேவித்து, அதற்கும் மேலே பள்ளி கொண்டவரையும் சேவித்தேன். ஆனந்தவல்லித் தாயார் சந்நிதியில் குங்குமம் வாங்கிக்கொண்ட பிறகுதான் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. ஏரி நிறைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

போகிறவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு, மார்கழி, தை வாக்கில் போங்கள். வயலும் ஏரியும் நன்றாக இருக்கும். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கல்வெட்டை அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. சுந்தரவரதரிடம் மேல் தளங்கள் எப்போது திறக்கும் என்று பட்டரைக் கேட்டுக்கொண்டு போனால் மூன்று கோலத்தையும் நிதானமாகச் சேவிக்கலாம்.