1928இல் பதிவான ஓர் ஓபோவும் ஒரு பசூனும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலாங்க் 1926இல் எழுதிய, உயர்ந்த குரலுடைய ஓபோ, தாழ்ந்த குரலுடைய பசூன் என்னும் இரு துளைக்கருவிகளுக்கும் பியானோவுக்குமான மூவிசையைப் புதிய ஒலிப்பதிவுகளில் பலமுறை கேட்டிருந்தபோதிலும், 1928இல் அவரே பியானோவில் அமர்ந்து, ரொஜே லமோர்லெட் ஓபோவும் குஸ்தாவ் தெரின் பசூனும் வாசித்த இசைத்தட்டைக் கேட்ட பின்னரே அந்த ஆக்கம் எனக்கு உண்மையில் விளங்கியது. தொடக்கத்தில் பியானோ சில சுரக்கூட்டுகளை வைத்து ஒதுங்க, பசூன் தனியே பேசத் தொடங்குகிறது. அந்தக் குரல் மெலிந்தது, சற்றுக் கரகரப்பானது, மேற்சுரங்களில் மனிதர் பாடுவது போன்றது.

இந்த இசைத்தட்டில் ஒலிப்பது பிரெஞ்சு வகைப் பசூன். இன்று உலகெங்கும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஜெர்மனியின் ஹெக்கல் பட்டறையில் செம்மையான பசூன். பிரெஞ்சு பசூனின் துளை அதைவிடக் குறுகலானது. சாவிகளின் அமைப்பும் வேறு. ஜெர்மானிய வகை பிற கருவிகளோடு இழைந்து போகும். பிரெஞ்சு வகையோ தன் ஊதுவாயிலுள்ள நாணல் தகடுகளின் குணத்தை மறைப்பதில்லை. பரிஸ் இசைக்குழுக்களிலும் 1970கள் தொடங்கி அது அருகி வந்தது. ஆகவே, புலாங்க் மனத்தில் கேட்டு எழுதிய ஒலி எது என்பதற்கு இந்தப் பழைய இசைத்தட்டே நேரடிச் சாட்சி.

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாக்களின் நாயனத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஒலி அந்நியமானதன்று. நாயனத்தின் ஊதுவாயான சீவாளியைப் போலவே ஓபோவிலும் பசூனிலும் இரட்டை நாணல் தகடுகளே அதிர்கின்றன. நாயனம் தவிலுக்குள் கரைந்துவிட வேண்டுமென்று நாம் ஒருபோதும் எதிர்பார்ப்பதில்லை. புலாங்கின் மூவிசையிலும் ஒவ்வொரு கருவியும் தன் குரலோடு நிற்பதுதான் அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

துளைக்கருவிகளை முன்னிறுத்தும் இந்தப் பிரெஞ்சு மரபு திடீரென்று முளைத்ததன்று. புல்லாங்குழல் கலைஞர் போல் தஃபனெல் 1879இலேயே துளைக்கருவிகளின் அறையிசைக்கென, அதாவது சிலரே கூடி வாசிக்கும் இசைக்கென, பரிஸில் ஒரு சங்கத்தை நிறுவியிருந்தார். 1927இல் பசூன் கலைஞர் பெர்னான் ஊப்ரதூ, ஓபோவில் மிர்தில் மொரெலையும் கிளாரினெட்டில் பியர் லெபேவ்ரையும் சேர்த்து அமைத்த பரிஸ் நாணல் மூவர் குழுவின் இசைத்தட்டுகளும் தேடிக் கேட்கத் தக்கவை. மார்செல் மொய்ஸ் புல்லாங்குழலும் லிலி லஸ்கின் ஹார்ப்பும் வாசித்த இசையமைப்பாளர் தெபுஸியின் சொனாட்டாவைப் பற்றி, வயோலாவும் சேர்ந்தொலிக்கும் அந்தப் படைப்பைப் பற்றி, நான் தனியாக எழுத வேண்டும்.

மலைநாட்டு மழை தகரக் கூரையில் இறங்கும் மாதங்களில் காதொலிப்பான் இல்லாமல் இவற்றைக் கேட்பது வீண். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரைச்சலை முழுவதும் நீக்குவதாகச் சொல்லி அளவுக்கு மீறி வடிகட்டப்பட்ட மறுபதிப்புகளில், நாணலின் கூர்மையைத் தாங்கும் மேலதிர்வுகளும் இரைச்சலோடு போய்விடுகின்றன. ஊசியின் கீறல் கேட்கும் பதிப்பையே தேர்ந்தெடுத்து, புலாங்கின் மூவிசையின் நடுப்பகுதியான, நிதானமாக நகரும் அந்தாந்தேயிலிருந்து தொடங்குங்கள்.