ஹார்லெம் வெளுப்புக்களத்தில் ஒருவழியாக வெயில்

டச்சு ஓவியர் யாகோப் வான் ராய்ஸ்டால் 1670களில் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சியை நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். அசல், ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 55.5க்கு 62 செ.மீ.தான், அதனால் அதே அளவு கேன்வாஸ்.

வானம் சிக்கலில்லாமல் முடிந்தது. படத்தில் பாதிக்கு மேல் அதுதான், ஆனாலும் ஈரத்தின் மேல் ஈரமாக (கீழ்ப்பூச்சு காயும் முன்பே) போட்டால் மேகம் சொன்னபடி கேட்கிறது. உயிரை வாங்கியது கீழே வெளுப்பதற்காகப் புல்லில் விரித்திருக்கும் லினன் துணிகள்தான். டைட்டானியம் வெள்ளையை அப்படியே இழுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. ராய்ஸ்டாலிடம் இருந்தது ஈய வெள்ளை, இதமான நிறம். ஜிங்க் வெள்ளை கலந்தேன், துணி நீலம் பாரித்துவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது இருட்டு. துணிக்கு முன்னும் பின்னும் ஓடும் மேகநிழல் பட்டைகளை ரா அம்பரும் (மண் பழுப்பு) துளி அல்ட்ராமரீனும் (அடர் நீலம்) கலந்து இரண்டு படி இறக்கினேன். துணி வெள்ளையில் ஊசிமுனை அளவு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). அவ்வளவுதான், களம் பளீரென்று எழுந்துவிட்டது! ரிக்கர் பிரஷ் (நீள முடி கொண்ட மெல்லிய பிரஷ்), ஆளிவிதை எண்ணெய் சற்றுத் தாராளமாக, ஒரே இழுப்பு. பாதியில் நிறுத்தினால் அங்கே முடிச்சு விழும். இரண்டு துணிக்கு நடுவே புல் தெரிந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் குளம் போலாகிவிடும்.

துணி விரிப்பவர்கள் வெறும் கீற்றுகள். ஆனால் அவர்கள் வேலை லேசுப்பட்டதல்ல: காரநீரில் ஊறவைத்து, மோரில் போட்டு, அலசி, விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். மணற்குன்றுகளிலிருந்து தெளிந்த நீர் கிடைத்ததால்தான் ஹார்லெமில் இந்தத் தொழில் செழித்தது. இதைப் படித்தபின் அந்தக் கீற்றுகளின் முதுகைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன்.

பிரஷ் பற்றி ஒரு புலம்பல். ஆன்லைனில் வாங்கிய பேட்ஜர் (ஒரு விலங்கு) முடி பிரஷ், மேகத்தை மெழுகும்போதெல்லாம் முடி கொட்டியது. இப்போது பவுடர் பூசும் மேக்கப் பிரஷ்தான். பாதி விலை, ஒரு முடிகூட உதிர்வதில்லை.

முன்புற மணல்மேடு இன்னும் வெறும் அம்பர் பூச்சாகக் கிடக்கிறது, தொடுவானத்து பாவோ தேவாலயத்துக்கும் விளிம்பு தட்டவேண்டும். அதற்குள் மனசு இன்னொரு டச்சு ஓவியர் ஹொப்பெமாவிடம் தாவிவிட்டது. ராய்ஸ்டாலிடம் பயின்றவர், 1689இல் வரைந்த மிடல்ஹார்னிஸ் சாலை ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. வலப்பக்கத் தோட்டத்தில் ஒருவர் கவாத்து செய்துகொண்டிருப்பார். சாலையோரத்து ஒல்லி மரங்களுக்கு இன்னும் தடித்த ரிக்கர் வேண்டும். அடுத்த கேன்வாஸ் சுருளோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுவேன்.