மைனஸ் 24-இல் ஒரு டீசல் ட்ரக்கும் இரண்டு பேட்டரிகளும்

கனடாவின் எட்மன்டனில், வெப்பநிலை முதன்முறையாக மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிய நவம்பர் காலை ஒன்றில், என் பிக்கப் ட்ரக்கின் வோல்ட் முள் ஆடத் தொடங்கியது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 14-க்கு மேல் நிற்கும். சில நொடிகளில் 12-க்குக் கீழே விழும். கூடவே ஹெட்லைட்டும் மங்கும். பிறகு தானாகவே பழைய இடத்துக்கு ஏறிவிடும். வண்டி 2001-ஆம் ஆண்டினது, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், இணையாகக் கட்டிய இரண்டு பேட்டரிகள். முள் ஆடினால் டைனமோ போய்விட்டது என்று ஊரில் கேட்டு வளர்ந்தவன் நான். எதையும் அளந்து பார்க்காமல் அந்த டைனமோவை, அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, பழுது நீக்கிய வேறொன்றை வாங்கிப் பொருத்தினேன். மறுநாள் காலையிலும் முள் அதே தாளத்தில்தான் ஆடியது.

பணம் செலவான பிறகுதான் எஞ்சினின் அமைப்பைப் படித்தேன். இந்த எஞ்சினில், குளிரில் தொடங்க உதவியாகச் சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் கிடையாது. அதற்குப் பதிலாக, காற்று உள்ளே நுழையும் வழியில் டோஸ்டர் கம்பிகளைப் போன்ற இரண்டு ஹீட்டர் பட்டைகள் இருக்கின்றன. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னும், உள்ளே வரும் காற்று போதிய அளவு சூடாகும்வரை கணினி அவற்றை விட்டுவிட்டு இயக்குகிறது. வண்டி மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுகிறது. கேபிளைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தபோது இரண்டு பட்டைகளும் சேர்ந்து 180 ஆம்பியர் இழுத்தன. என் ஆல்டர்னேட்டரின் உச்சத் திறனே 136 ஆம்பியர்தான். ஐடிலிங்கில் அதுவும் கிடைக்காது. குறையும் மின்னோட்டத்தைப் பேட்டரிகள் கொடுத்தாக வேண்டும் என்பதால் ஹீட்டர் எரியும் நொடிகளில் மின்னழுத்தம் விழுவது இயல்பு. நான் கோளாறு என்று நினைத்தது வண்டி தன் வேலையைச் செய்ததுதான்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். டிசம்பரில், மைனஸ் 24 டிகிரியில், அலுவலக வாகன நிறுத்தத்தில் ஒன்பது மணி நேரம் நின்ற வண்டியின் செல்ஃப் மோட்டார் மிகவும் சோர்வாகச் சுற்றியது. மூன்றாம் முயற்சியில்தான் எஞ்சின் உயிர் பெற்றது. வீட்டில் இந்தத் தொல்லை ஒருநாளும் வந்ததில்லை. இரவில் 750 வாட் பிளாக் ஹீட்டரைச் சுவர் மின்சாரத்தில் செருகிவைப்பதால் எஞ்சினும் எண்ணெயும் இளகியே இருந்து, பேட்டரியின் பலவீனத்தை மறைத்திருக்கின்றன. அலுவலகத்தில் செருகுவதற்கு இடமில்லை.

அந்தச் சனிக்கிழமை, சூடாக்கப்படாத என் கராஜில், எஞ்சினை ஓடவிட்டு, காற்று ஹீட்டர் விட்டுவிட்டு எரிவது முடியும்வரை காத்திருந்து அளந்தேன். ஓட்டுநர் பக்கப் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 14.7 வோல்ட் காட்டியது. முதலில் இதுவே அதிகமோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் குளிர்ந்த லெட்-ஆசிட் பேட்டரி மின்னேற்றத்தை எளிதில் ஏற்பதில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 25 டிகிரியிலிருந்து மைனஸ் 20-க்கு வந்தால் அது 0.9 வோல்ட் ஆகிறது. அந்தப் பேட்டரியின் அடியில் இருக்கும் வெப்ப உணரியைப் பார்த்துத்தான் கணினி மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. உணரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்தால் 10,000 ஓம் அளவில் காட்டியது, அதில் குறையில்லை.

அடுத்து, ஏறக்குறைய ஒரு சடங்காகத்தான், பயணி பக்கப் பேட்டரியிலும் மீட்டரை வைத்தேன்: 13.5 வோல்ட். இணையாகக் கட்டிய இரண்டு பேட்டரிகளில் ஒரே மின்னழுத்தம்தான் இருக்க வேண்டும். 1.2 வோல்ட் வித்தியாசம் இருந்தால், அவற்றை இணைக்கும் பாதையில் எங்கோ மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கணினி ஓட்டுநர் பக்கத்து மின்னழுத்தத்தைத்தான் பார்க்கிறது; அங்கே எல்லாம் சரியாக இருப்பதால் டேஷ்போர்டு முள்ளும் நிம்மதியாக 14-க்கு மேல் நிற்கிறது. மற்றப் பேட்டரியோ வாரக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்திருக்கிறது.

தடை எங்கே என்று தேடியதில்தான் அதிக நேரம் போனது. அதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். முதலில் எஞ்சினை நிறுத்தி, அந்தப் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எஞ்சினோடு இணைக்கும் எர்த் கேபிளின் தடையை மீட்டரின் ஓம் அளவீட்டில் பார்த்தேன். 0.2 ஓம் வந்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2 தான் வந்தது. அதாவது, கேபிள் பழுதற்றது என்று மீட்டர் சாதித்தது. ஓம் அளவீட்டில் மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். செம்பு இழைகளில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். எனவே எஞ்சினை மீண்டும் ஓடவிட்டு, மின்னோட்டம் பாயும்போதே ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்த்தேன். பாசிட்டிவ் பக்கம் முழுவதிலும் 0.08 வோல்ட், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நெகட்டிவ் பக்கத்தில், பேட்டரியின் ஈய முனையிலிருந்து எஞ்சின் பிளாக்கின் வெற்று உலோகம்வரை 1.12 வோல்ட். அதையும் பிரித்தேன்: ஈய முனைக்கும் அதைப் பிடிக்கும் கேபிள் கிளாம்புக்கும் இடையே 0.02, கேபிளின் மறுமுனையில் பிளாக்கோடு முடுக்கிய உலோக வளையமான லக்குக்கும் பிளாக்குக்கும் இடையே 0.03. மீதி முழுவதும் கேபிளுக்குள்ளேயே இருந்தது. கிளாம்ப் மீட்டர் அப்போது 30 ஆம்பியர் காட்டியதால், தடை 0.04 ஓமுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவீடு பார்க்கவே முடியாது; ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும் செல்ஃப் மோட்டாருக்கு அது ஒரு சுவர்.

லக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறுப்பு உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளிருந்து பச்சைத் தூள் கொட்டியது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, லக்கின் வாய் வழியாக நுழைந்து, இழைகளினூடே ஊர்ந்து செம்பை அரித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கேபிள் புதிதுபோலவே இருந்தது.

பழையதைவிட ஒரு அளவு தடித்த கேபிளை வெட்டி, இரு முனைகளிலும் லக்குகளை அழுத்திப் பொருத்தி, உள்ளே பசை தடவிய, சூடேற்றினால் சுருங்கும் உறையால் வாயை அடைத்தேன். பிளாக்கில் லக் உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் பளபளப்பாகத் தேய்த்தேன். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பட்டினி கிடந்த பேட்டரியைக் காப்பாற்ற முடியவில்லை. அறைக்குள் கொண்டுவந்து இரவு முழுவதும் சார்ஜ் செய்தும், ஓய்வில் 12.3 வோல்ட்டைத் தாண்டவில்லை. குளிர்த்தொடக்க மதிப்பில், அதாவது கடுங்குளிரில் தரும் என்று பேட்டரிக்குக் குறித்த ஆம்பியரில், பாதி மின்னோட்டத்தை 15 நொடி இழுத்துப் பார்க்கும் சோதனையில் 9.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டியது 8.2-க்கு விழுந்தது. மற்றொன்று தேறிவிட்டாலும், புதியதோடு பழையதை இணையாகக் கட்டினால் பழையது புதியதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், மனமில்லாமல்தான் இரண்டையும் ஒன்றாக மாற்றினேன்.

ஜனவரியில் மைனஸ் 29 டிகிரியில், வேண்டுமென்றே பிளாக் ஹீட்டரைச் செருகாமல் ஒரு காலை தொடங்கிப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே எஞ்சின் பிடித்தது. காற்று ஹீட்டர் எரியும்போது 11.9, அணைந்ததும் இரு பேட்டரிகளிலும் 14.7, வித்தியாசம் 0.05-க்குள். பயணி பக்கப் பேட்டரிக்கென்று தனியாக ஒரு சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டரையும் டேஷ்போர்டின் கீழே பொருத்தியிருக்கிறேன்.

நவம்பரில் அவசரப்பட்டுக் கழற்றிய ஆல்டர்னேட்டரைப் பிப்ரவரியில் ஒருநாள் மீண்டும் மாட்டி, ஏசியை டிசியாக மாற்றும் அதன் டயோடுகளின் நிலையை அறிய, எவ்வளவு ஏசி கசிகிறது என்று மீட்டரின் ஏசி அளவீட்டில் பார்த்தேன். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, அது 0.03 காட்டியது. புதிதாக வாங்கியது 0.05. பழையதையே வண்டியில் விட்டுவிட்டு, வாங்கியதைச் சாக்கில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.