கதவில் இரண்டு ஓட்டை

அக்டோபர் 8
மகளின் பிரசவத்துக்குக் குறித்த தேதி நேற்றோடு போய்விட்டது. வலி வரவில்லை.

அக்டோபர் 9
"என் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்காராதேம்மா" என்று விரட்டிவிட்டாள். மாப்பிள்ளை ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டார். முன்வாசலில் 72 படி, என் முழங்காலுக்கு ஆகாது; வேறு வாசல் வழியாகப் போனேன்.

மார்செல் துஷாம்ப் என்ற கலைஞரின் அறைகளைத் தாண்டி, இருட்டாக ஒரு மூலை. ஸ்பெயினிலிருந்து வந்த பழைய மரக்கதவு, அதில் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். பார்த்தேன். இடிந்த செங்கல் சுவர், அதற்கப்பால் சுள்ளிகள்மேல் ஒரு பெண். பொட்டுத் துணி இல்லை. தூக்கிய கையில் கேஸ் விளக்கு. முகம் தெரியவில்லை. தூரத்தில் அருவி மினுங்குகிறது.

சட்டென்று திரும்பினேன். ஒரு பையன் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், எதற்கோ.

அக்டோபர் 10
மழை. மிளகு ரசம். இன்றும் ஒன்றுமில்லை.

அக்டோபர் 11
மாப்பிள்ளை படித்துச் சொன்னார். 1946 முதல் 1966 வரை, இருபது வருஷம், துஷாம்ப் அதை ரகசியமாகச் செய்தாராம். கலையை விட்டுவிட்டுச் செஸ் ஆடுகிறார் என்று ஊரே நினைத்திருக்கிறது. 1968இல் இறந்தார், மறுவருஷம் இங்கே வைத்தார்கள். எப்படிப் பிரித்து எப்படிப் பூட்டுவது என்று புகைப்படங்களோடு எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அருவி மினுங்குவது ஒரு பிஸ்கட் டப்பாவும் மோட்டாரும் செய்கிற வேலையாம்.

சித்தி அந்தச் சட்டையை வைத்திருந்ததும் பிஸ்கட் டப்பாவில்தான்.

அக்டோபர் 12, விடியற்காலை 3 மணி
எனக்கு ஒன்பது வயது. சாமான் அறைக் கதவிடுக்கு. சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பித்தானெல்லாம் மாட்டி, கையை முழங்கைவரை மடித்துவிட்டு, அரிசி மூட்டைமேல் கால்மேல் கால் போட்டு சித்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரலை உதட்டில் வைத்து இழுத்து, ஊதினாள். விரலிடுக்கில் சிகரெட் இல்லை. அவர் போய் ஏழு மாதம்.

நான் நின்றது அவளுக்குத் தெரியுமா? உள்ளேயிருந்து பார்த்தால் இடுக்கில் கண் தெரியுமா?

அக்டோபர் 13
மறுபடி போனேன். அசிங்கம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். செத்துக் கிடக்கிறாளோ என்று பயம். செத்தவள் விளக்கைத் தூக்கிப் பிடிப்பாளா? அப்புறம் கோபம்: இருபது வருஷம் இழைத்தவர் ஒரு முகத்தைக் காட்டக் கூடாதா? கழுத்தை எப்படி வளைத்தாலும் பொன்னிற முடிதான் தெரிகிறது.

சித்தியின் முகமும் ஞாபகமில்லை. மடித்த கைதான்.

அக்டோபர் 14
பனிக்குடம் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை காரை எடுக்கப் போயிருக்கிறார். இவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், சத்தமே இல்லை. தட்டட்டுமா