டெக்ட்ரானிக்ஸ் 545ஏ: வால்வு ரெக்டிஃபையர் போய் டயோடு வந்த கதை

மின் அலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய கருவி 545ஏ ஆசிலோஸ்கோப். அதன் ஹை வோல்டேஜ் பெட்டிக்குள் 5642 என்ற சுண்டுவிரல் அளவு ரெக்டிஃபையர் வால்வுகள், அதாவது ஏசியை டிசியாக்கும் வால்வுகள், ஐந்து உண்டு. ஒன்று பிக்சர் டியூபின் கேத்தோடுக்கு மைனஸ் 1350 வோல்ட் தருகிறது, ஒன்று பிரகாசத்தைக் கட்டுப்படுத்தும் கிரிடுக்கு. மீதி மூன்றும் சேர்ந்து வோல்டேஜை மும்மடங்காக்கி முன்பக்க ஆனோடுக்குச் சுமார் 8650 வோல்ட் அனுப்புகின்றன. என் கருவியில் இந்த மூன்றில் ஒன்றின் ஃபிலமென்ட் அறுந்துவிட்டது. கோடு மங்கி, படம் கொஞ்சம் பெருத்துத் தெரிந்தது.

பழைய 5642 தேடி வாங்குவதை விட ஐந்துக்கும் பதிலாக டயோடு போடுவதே எனக்குச் சரியாகப் பட்டது. ஒவ்வொரு ஃபிலமென்ட்டும் 1.25 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ஐந்துக்கும் சேர்த்து ஒன்றேகால் வாட். சூடானால் தடுமாறும் அந்தக் காலத்து ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தச் சுமை குறைவதே பெரிய உதவி.

டயோடைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் வோல்டேஜைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேகத்தை. இந்த ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரை இயக்கும் ஆசிலேட்டர் ஓடுவது சுமார் 60 கிலோ ஹெர்ட்ஸில். சாதாரண 1என்4007 டயோடுகளை வரிசையாகக் கோத்தால் வோல்ட்டைத் தாங்கும்தான். ஆனால் அது அணைய எடுத்துக்கொள்ளும் நேரம் மைக்ரோ செகண்ட் கணக்கு, சும்மா சூடாகும். மும்மடங்குச் சுற்றில் ஒவ்வொரு டயோடும் எதிர்த் திசையில் 6000 வோல்ட் அளவுக்குத் தாங்க வேண்டும். அதனால் 20 கிலோ வோல்ட், 5 மில்லி ஆம்பியர் வேக டயோடுகளை எடுத்தேன்.

இவற்றை மல்டிமீட்டரில் வைத்தால் இரண்டு பக்கமும் ஓப்பன் என்றே காட்டும். உள்ளே பல சந்திகள் அடுக்கடுக்காக இருப்பதால், கடத்தத் தொடங்கவே சில பத்து வோல்ட் வேண்டும். 100 வோல்ட் டிசியோடு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டுச் சோதித்தேன். ஒரு பக்கம் கரண்ட் போனது, திருப்பினால் போகவில்லை. அவ்வளவுதான்.

பெட்டியைத் திறக்கும் முன் கெப்பாசிட்டர்களையும் டியூபின் ஆனோடையும் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்தாக வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது. டயோடின் கோடு போட்ட முனை எப்போதும் பழைய ஃபிலமென்ட் இருந்த இடத்துக்குப் போகும், பிளஸ் சப்ளையானாலும் மைனஸ் சப்ளையானாலும். ஃபிலமென்ட் சுற்றில் சும்மா விடப்பட்ட முனைகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் தனித்தனியாக மூடினேன். கருவியில் பாகங்களைப் பற்றவைக்கும் பீங்கான் பட்டைகளில் 3 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர்தான் வைக்க வேண்டும்; சாதாரண சால்டர் அங்குள்ள வெள்ளிப் பூச்சைக் கரைத்துப் பிடியை விடுவித்துவிடும். சால்டர் முனைகள் கூராக நிற்காமல் உருண்டையாக இருக்கட்டும், இல்லையென்றால் அங்கேதான் கொரோனா, அதாவது காற்றுக்குள் மின்சாரம், கசியும்.

ஹை வோல்டேஜ் புரோப் வைத்து கேத்தோடை மறுபடி 1350-க்குத் திருகினேன். கோடு கூர்மையாக வந்தது. பிரகாசக் குமிழ் முன்பிருந்த இடத்தில் நிற்கவில்லை, கிரிட் சப்ளையிலும் வால்வுக்குப் பதில் டயோடு வந்துவிட்டதே. இனி வெர்டிகல் கெயினையும் டைம்பேஸையும் புதிதாகக் கேலிபரேட் செய்ய வேண்டும். அதற்கு முன் மூடியைப் போட்டு ஓரிரு மணி நேரம் ஓடவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் சூடான பிறகும் 1350 நிற்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.